முதல் வேண்டாம்

வண்டி ஒவ்வொரு வேகத்தடையில ஏறி இறங்கும்போதும் செண்பகவல்லி டீச்சர் வாயைத் திறந்தா, மூடினா. இந்தத் தடை தாண்டினதும் சொல்லிரலாம், அந்தா தெரியுதே தண்ணித்தொட்டி, அது வந்ததும் சொல்லிரலாம்னு கிளம்பினதுலருந்து அவளும் தவணை போட்டுக்கிட்டேதான் வாரா. தடையும் போயிருது, தொட்டியும் போயிருது, வார்த்தை மட்டும் தொண்டைக்குழியை விட்டு ஏற மாட்டேங்குது. கோவில்பட்டியில காலம் பூரா பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆகி, இப்போ கென்யாவுல ஒரு ஏரிக்கரையில வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற பி.டி. டீச்சர் அவ. விசில் இல்லாமலே மைதானத்தோட அந்தக் கோடியில நிக்கிறவளைத் திரும்பிப் பாக்க வைக்கிற தொண்டை. அந்தத் தொண்டைக்கு இன்னைக்கு என்ன கேடுன்னு தெரியலை. சொல்ல வேண்டியது என்னமோ ஒரே ஒரு வரிதான்: மேடம், காலையில நான் வேண்டாம்னு சொன்னது தப்பு, அச்சியெங்குக்குச் சம்பளம் வேணும். இவ்வளவுதான். முன்சீட்டுல ஹன்னெக்கா மேடம் மடியில கம்ப்யூட்டரை விரிச்சு வச்சுத் தட்டிக்கிட்டு வாரா. நெதர்லாந்துல ஒரு அறக்கட்டளை, அதுலருந்து பணம் குடுக்கலாமா வேண்டாமான்னு பாக்க வந்தவ. ஏர்போர்ட்டுக்குள்ள போய் உக்காந்ததும் அறிக்கையை அனுப்பிருவேன்னு வண்டியில ஏறும்போதே சொல்லிட்டா. அனுப்பினா அனுப்பினதுதான், அப்புறம் அடுத்த வருஷம்தான் வாயைத் திறக்க முடியும். சரி, ஏர்போர்ட் வர இன்னும் நேரம் இருக்கு, சொல்லிட்டுப் போறதுதானேன்னு நீங்க கேப்பீங்க. வண்டியை ஓட்டிக்கிட்டு வாரது யாருன்னு நினைக்கீங்க. அச்சியெங்தான், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்து டீச்சருக்குக் கூடமாட நிக்கிற உள்ளூர்ப் பொண்ணு. பின்சீட்டுலருந்து பாத்தா அவளோட பிடரியும், இறுக்கிப் பின்னின சடையும், கண்ணாடியில அரை முகமும் தெரியுது.

காலையில நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். சின்ன விஷயமா இருந்ததுனாலதான் இப்போ இப்படி உறுத்துது. சர்ச் ஹால்ல நீள மேசை, அந்தப் பக்கம் ஹன்னெக்கா, இந்தப் பக்கம் டீச்சர். கேள்வி மேல கேள்வி. மட்டை வேணுமா, வேணும். ஷூ வேணுமா, வேணும், பாதிப் பிள்ளைக வெறுங்காலோட ஓடுதுக. ஆட்டம் முடிஞ்சதும் கஞ்சி ஊத்துறீங்களே, அதுக்கு வேணுமா, கண்டிப்பா வேணும் மேடம், கஞ்சி இல்லைன்னா பாதிப் பிள்ளைக படகுக்கரைக்கு மீன் கழுவப் போயிரும், அப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் வராதுக. இதெல்லாம் டாண் டாண்னு சொன்னா. மட்டைக்கும் கஞ்சிக்கும் கேக்கிறதுல அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. கடைசியா ஹன்னெக்கா பேனாவை நிறுத்தி, ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் உங்களுக்குத் தேவைப்படுதான்னு கேட்டா. ஒருங்கிணைப்பாளர்னா அச்சியெங்தான். நல்லாத்தான் கேட்டா, மரியாதையாத்தான் கேட்டா. செண்பகவல்லிக்குள்ள குளிர்ந்துபோச்சு. இதுக்காகத்தானே இத்தனை மாசம் ராப்பகலா மனு மனுவா எழுதினோம், கேட்டுட்டாளே மகராசின்னு மனசு சொல்லுது, வாய் சொல்லுது, நோ நோ மேடம், பரவாயில்லை, வி வில் மேனேஜ். தலையைச் சாய்ச்சுச் சிரிச்சுக்கிட்டு, கையை வேற விரிச்சுக் காட்டிக்கிட்டு. சொல்லிட்டு, அடுத்த தடவை கேக்கட்டும்னு முகத்தைத் தயாரா வச்சுக்கிட்டுக் காத்திருந்தா. இல்லை இல்லை, நீங்க வாங்கித்தான் ஆகணும்னு அவ சொல்லணும், இவ கொஞ்சம் தயங்கணும், மேடம் இவ்வளவு சொல்றப்போன்னு தலையை ஆட்டணும். அதுதானே முறை. ஹன்னெக்கா வெரி குட்டுன்னா. பேனாவால ஒரு கோடு இழுத்தா. அடுத்த தாளைத் திருப்பினா.

யாரைக் குத்தம் சொல்ல. அந்தப் பொம்பளை கேட்டதுக்குப் பதில் வந்துச்சு, எழுதிக்கிட்டா. குத்தம் எல்லாம் வளர்ந்த ஊருதான்னு டீச்சர் ஊரைத் திட்டினா, அப்புறம் அம்மாவைத் திட்டினா. அஞ்சோ ஆறோ வயசு, சாத்தூர்ல அம்மாவோட அண்ணன் வீடு. அத்தை தட்டு நிறையக் கடலைமிட்டாயைக் கொண்டாந்து எடுத்துக்கோன்னா. எடுத்துக்கிட்டா. தொடையில சுரீர்னு ஒரு கிள்ளு. வீட்டுக்கு வாரவழியெல்லாம் வசவு, கேட்டதும் கையை நீட்டுவியா, அலைஞ்ச பிறவின்னு நினைக்க மாட்டாகளா. அன்னைக்குப் படிச்ச பாடம். முதல் வேண்டாம் மரியாதைக்கு, ரெண்டாவது வேண்டாம் கூச்சத்துக்கு, மூணாவது தடவை ஒண்ணும் சொல்லக் கூடாது, அவுக தட்டுல வைப்பாக. கேக்கிறவுகளுக்கும் தெரியும், சொல்றவுகளுக்கும் தெரியும், ஊரே அப்படித்தான் தின்னுது. ஒருதடவை மெட்ராஸ்ல, பம்பாய்லயே இருந்து பழகின நாத்தனா வீட்டுக்கு ராத்திரி பஸ்ஸுல போய் இறங்கினா, சாப்பிடுறீங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. இல்லம்மா வேண்டாம்னா இவ. சரின்னுட்டு அந்தப் பொண்ணு அடுப்படி லைட்டை அணைச்சிருச்சு. விடிய விடிய வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் புரண்டா, பக்கத்துல வீட்டுக்காரர் சீனிராஜ் போர்வைக்குள்ள குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. அன்னைக்கே புத்தி வந்திருக்கணும். ஆனா அன்னைக்குக் காஞ்சது அவ வயிறு. அவ வேண்டாம்னா, அவ பட்டினி, கணக்குச் சரியாப் போச்சு. இன்னைக்கு மடிச்சது யாரு இலையை. பந்தியில பக்கத்துல உக்காந்திருக்கிறவ இலையை எட்டி மடிச்சு வச்சுட்டு, அவளுக்குப் போதுமாம்னு சொல்ற பொம்பளை எந்த ஊர்லயாவது உண்டா. இப்போ ஒருத்தி இருக்கா, கென்யாவுல, இந்தக் காருக்குள்ள. அவளுக்கு வேர்த்துச்சு. சன்னலை இறக்கினா, புழுதி வந்துச்சு, ஏத்தினா.

அச்சியெங் கேட்டிருப்பாளா. இதுதான் மண்டைக்குள்ள ஈ மாதிரிச் சுத்திச் சுத்தி வருது. அந்த நேரம் அவ டீ பிளாஸ்க்கோட உள்ள வந்தா. வந்தாளா, வந்துக்கிட்டு இருந்தாளா. கதவு திறந்திருந்துச்சு, அது நிச்சயம், காத்துல தாள் பறக்குதுன்னு ஹன்னெக்கா கல்லை எடுத்து வச்சா. ஆனா டீயை ஊத்தும்போது அச்சியெங் சிரிச்சாளே. கேட்டிருந்தா சிரிப்பாளா. சிரிப்பா, அவ எதுக்கும் சிரிப்பா, பதினாறு வயசுல கோல்கீப்பரா நின்னு பந்து முழங்காலை உடைச்சப்பவும் சிரிச்சவளாம். அப்போ கேட்டிருக்கா. இல்லை, மத்தியானம் சாப்பிடும்போது கோச், மீன் இன்னும் வச்சுக்கோங்கன்னு சொன்னாளே, கோவமா இருக்கிறவ மீன் வைப்பாளா. ஆனா அவ சாப்பிடலை. தட்டை அப்படியே வச்சுட்டு, போன் பேசணும்னு மாமரத்தடிக்குப் போனா. யார்கூடப் பேசினா. நைரோபிக்கா. அங்க ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல்ல வார்டன் வேலை, கை நிறையச் சம்பளம், தங்க அறை. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வாரேன், வரலைன்னு பதில் சொல்லணும். போன வாரம் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கிட்டே அச்சியெங் இதைச் சொன்னா. சொல்லிட்டு, நான் என்ன செய்யட்டும் கோச்னு கேட்டா. பொறும்மா, அந்த மேடம் வரட்டும், உனக்குச் சம்பளத்தை வாங்கித் தாரது என் பொறுப்புன்னா இவ. என் பொறுப்புன்னா. இந்தக் கையால ஈரக்கையைப் பிடிச்சுச் சொன்னா. அடுத்த மாசம் இவளுக்கு விசா முடியுது, இவ ஊருக்குப் போயிருவா. அச்சியெங்கும் போயிட்டா அந்தப் பிள்ளைகளை யாரு வீடு வீடாப் போய்க் கூப்பிடுவா, ஒவ்வொரு ஆத்தாகிட்டயும் யாரு மல்லுக்கட்டுவா, இருட்டினதும் யாரு கொண்டுபோய் விடுவா. ஒரு வருஷமா அவ அதைச் சும்மாத்தான் செய்யுதா. பகல்ல சந்தையில மீன் விக்கிறது, சாயங்காலம் இது. ஆள் இல்லைன்னா மட்டை வந்து என்ன, ஷூ வந்து என்ன, அடுப்புக்குத்தான் ஆகும்.

முன்னால ஒரு கரும்பு லாரி ரோட்டுக்குக் குறுக்க நின்னுபோச்சு. வண்டிக நின்னு போச்சு. மோட்டார் பைக்குக்காரங்க மட்டும் இடுக்குல புகுந்து போறாங்க. நல்லதாப் போச்சு, லாரி நகரவே வேண்டாம், விமானம் போயிரட்டும்னு ஒரு நினைப்பு. ஐயோ, இப்பவே சொல்லணுமேன்னு அடுத்த நினைப்பு. ஹன்னெக்கா கடிகாரத்தைப் பாத்தா. அச்சியெங் ஸ்டியரிங்கை விரலால தட்டினா. அப்பப் பாத்து போன் அடிக்குது, சீனிராஜ். எடுத்ததும் சாப்பிட்டியான்னாரு. அந்த மனுசனுக்கு உலகத்துல வேற கேள்வி கிடையாது. ஏங்க, ஒரு தப்பு பண்ணிட்டேங்கன்னு ஆரம்பிச்சா. தமிழ் இங்க யாருக்கும் தெரியாதுங்கிற தைரியத்துல, அந்தப் பிள்ளை பேரை மட்டும் முழுங்கிட்டு, எல்லாத்தையும் கொட்டினா. ஒரு சாண் தூரத்துல அவ பிடரி. இந்தப் பிள்ளைக்குக் கேட்டாக, வேண்டாம்னுட்டேன், திரும்பக் கேப்பாகன்னு நினைச்சேன், கேக்கலை. அந்தப் பக்கம் சீனிராஜ், மெட்ராஸ் கதைன்னு சொல்லு, அப்படின்னாரு. சிரிக்காதீங்கன்னா. நான் சிரிக்கலை வல்லி, உன் பென்ஷன் உனக்கு மாசாமாசம் வந்துருது, அதுல உக்காந்துக்கிட்டு வேண்டாம்னு சொல்றது லேசு, அடுத்தவ சாப்பிடாத சோத்துக்கு நீ எப்படித்தான் ஏப்பம் விட்டே, அப்படின்னாரு. அவளுக்குச் சுருக்குன்னுச்சு. நீங்க வைங்கன்னு வச்சுட்டா. வச்சபெறகு கண்ணாடியைப் பாத்தா. அச்சியெங் அவளையே பாத்துக்கிட்டு இருந்தா. எல்லாம் நல்லாத்தானே கோச்னு கேட்டா. நல்லாத்தான்ம்மா, வீட்டுல சாப்பிட்டியான்னு கேக்கறாகன்னா. லாரி நகர்ந்துச்சு.

ஏப்பம் விட்டேன்னு சொல்லிட்டாரே. இத்தனை வருஷத்துல அந்த மனுசன் ஒரு தடவை உருப்படியாப் பேசினாரு, அதுவும் இப்படித்தான் பேசணுமா. கூச்சத்துல சொன்னது, வளர்ப்பு அப்படி, அம்மா கிள்ளினா, அத்தை நீட்டினான்னு காலையிலருந்து எத்தனை ஜோடனை ஜோடிச்சோம். அதெல்லாம் முதல் நொடிக்குத்தான் சரி. ரெண்டாவது நொடி ஒண்ணு இருந்துச்சே. ஹன்னெக்கா கோடு இழுத்தபெறகு நிமிந்து பாத்து, மத்த இடங்கள்ல எல்லாரும் முதல்ல சம்பளத்தைத்தான் கேக்கறாங்க, உங்களை மாதிரிச் சேவை மனசு அபூர்வம்னு சொன்னா. அப்பச் சொல்லியிருக்கலாம். இல்லை மேடம், வேணும்னு அப்பச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லலை. ஏன் சொல்லலைன்னா நெஞ்சு குளுகுளுன்னு இருந்துச்சு. ஆமா, இருந்துச்சு. ஒரு வெள்ளைக்காரி வாயால சேவைன்னு கேக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. அந்தக் குளுகுளுப்பைக் கெடுத்துக்க மனசில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான், அச்சியெங்கோட சோறு, செண்பகவல்லியோட பெருமை. தூ, இதுவும் ஒரு பொழைப்பான்னு தன்னையே காறித் துப்பிக்கிட்டா. வெளியில ஊர் நெருங்கிருச்சு, கடைக, பெயிண்ட் அடிச்ச சுவருக, பழைய துணி மலை மலையாக் குவிச்ச சந்தை, அதுக்கு அங்கிட்டு ஏரி வெயில்ல கண்ணைக் கூசுது. இப்பச் சொன்னா என்ன நினைப்பா ஹன்னெக்கா. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு பேசுறவகிட்ட மட்டைக் காசைக்கூடக் குடுக்கலாமான்னு அவ யோசிச்சுட்டா? எல்லாத்தையும் நிறுத்திட்டா என்ன செய்ய. அச்சியெங் முன்னாலயே சொல்லணுமே, இந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்குத் தெரியாம இருந்தா நம்ம வாயாலயே தெரிஞ்சிருமே. தெரியட்டும். இல்லை, ஏர்போர்ட்ல இறங்கினதும் ஹன்னெக்காவைத் தனியாக் கூப்பிட்டு, அதுவும் முடியாது, அங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுவா. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாக. இங்க அழ வேண்டிய பிள்ளையோட வாயைப் பொத்தினதே நாமதானே. நீலப் பலகையில விமானப் படம் போட்டு அம்புக்குறி வந்துச்சு. செண்பகவல்லி முன்சீட்டோட முதுகை ரெண்டு கையாலயும் பிடிச்சா.

மேடம்னா. குரல் மைதானத்துக் குரலா வந்திருச்சு, ஹன்னெக்கா திடுக்கிட்டுத் திரும்பினா. மேடம், காலையில நான் சொன்னது தப்பு. சம்பளம் வேணும். அச்சியெங்குக்கு வேணும். அவ இல்லைன்னா இந்தத் திட்டமே இல்லை. எங்க ஊர்ல முதல் தடவை கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவோம், வாயில வந்திருச்சு. அது மட்டும் இல்லை, நீங்க புகழ்ந்தீங்க, அதுல மயங்கிப் பேசாம இருந்துட்டேன். இங்கிலீஷ் தடுமாறுது, ஆனாலும் பூராத்தையும் சொல்லிட்டா. ஹன்னெக்கா மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டுப் பாத்தா. அப்புறம், இன்னும் அனுப்பலையே, சேத்துரலாம், உண்மையில எங்க ஆளுகளும் ஏன் சம்பளம் இல்லைன்னுதான் கேப்பாங்கன்னா. அவ்வளவுதான். ஒரு பகல் பூரா உசுரை வாங்கினது ரெண்டு வாக்கியத்துல முடிஞ்சுபோச்சு. செண்பகவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு, கும்பிட்டே புட்டா. பேர் கேப்பாங்க, அச்சியெங்னே போட்டுறவான்னு ஹன்னெக்கா கேட்டா. ஆமா மேடம்னு இவ சொல்ல வாயெடுக்கும் முன்னால, என் பேரைப் போடாதீங்கன்னா அச்சியெங். ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் சொன்னா. நான் நைரோபிக்கு வாரேன்னு மத்தியானம் சொல்லிட்டேன். டீ கொண்டு வரும்போது கேட்டேன் கோச்.

செண்பகவல்லி கலங்கலை. வேண்டாம்னு சொல்றவளை எப்படிக் கேக்கணும்னு அவளுக்கா தெரியாது. இது கோவத்து வேண்டாம், முதல் வேண்டாம், தாங்கிப் பிடிச்சாச் சரியாப் போகும். போன் போட்டுச் சொல்லிரலாம்மா, சம்பளம்தான் வந்திருச்சே, நீ இருன்னா. வேண்டாம் கோச்னா அச்சியெங். பிள்ளைக உன்னைத்தானே நம்பி இருக்குதுக, அதுக முகத்தை நினைச்சுப் பாருன்னா. நினைச்சேன் கோச், வேண்டாம். ரெண்டு ஆச்சு. டீச்சர் முன்னால குனிஞ்சா, அவ தோளைத் தொட்டா. எனக்காக இரும்மான்னா. வாழ்க்கையில யார்கிட்டயும் தனக்காகன்னு ஒண்ணு கேட்டவ இல்லை அவ, கேக்கும்போது உதடு கோணிக்கிட்டு வந்துச்சு. அச்சியெங் ஏர்போர்ட் வாசல்ல வண்டியை ஓரமா நிப்பாட்டி, இஞ்சினை அணைச்சா. அப்பத்தான் திரும்பினா. முகத்துல கோவம் இல்லை. கோவம் இருந்திருந்தாத் தேவலை.

“கோச், நாங்க மேனேஜ் பண்ணிக்குவோம்னு அவங்ககிட்டச் சொன்னீங்க. எதை வச்சு மேனேஜ் பண்றதா இருந்தீங்க?”

செண்பகவல்லி வாயைத் திறந்தா.

“என்னை வச்சுத்தானே” அப்படின்னா அச்சியெங். சொல்லிட்டு இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, ஹன்னெக்காவோட பெட்டியை எடுத்து ரோட்டோரமா நிறுத்தினா. சக்கரத்துல ஒட்டின புழுதியைத் தன் கைக்குட்டையால துடைச்சும் விட்டா.

ஹன்னெக்கா மடியில இருந்த கம்ப்யூட்டரை மூடாமப் பின்னால திரும்பி, மெதுவாக் கேட்டா, அப்போ சம்பளம் இருக்கட்டும், பேர் போடுற இடத்தைக் காலியா விட்டுறவா. விட்டுருங்க மேடம்னா செண்பகவல்லி. கேட்ட முதல் தடவையிலேயே சொன்னா.